உள்ளங்கை முத்திரை

காலப்பையில் போட்ட மீன் மூன்று வருடம் கழித்தும் துள்ளும். உள்ளே நேரம் ஓடாது. எந்தக் குண்டும் அதைக் கிழிக்காது. வீட்டுக்கு வீடு சின்னப் பைகள் இருந்தன. ஆள் உயரப் பைகள் மருத்துவமனைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் மட்டும்.

மலைச்சாலையில் விமானங்கள் குண்டு போட்டுவிட்டுப் போனபோது, அருங்காட்சியக ஊழியை ஷு யானின் கவிழ்ந்த லாரியில் ஒரே ஒரு ஆள் உயரப் பை மிச்சம். ஆயிரம் வருடப் பழைய சோங் காலத்து மரச்சிலை ஒன்றும் மிச்சம்: ஆள் உயரக் குவான்யின், கருணை தேவி. விமானங்கள் திரும்பி வரும்.

அவளோடு பொதி கட்டும் தாவோவின் வயிற்றில் குண்டுத் தகடு ஏறியிருந்தது.

"அக்கா, இந்தம்மாவ வெளிய உட்கார வச்சிட்டு என்னை உள்ள போடேன். தொப்பைய மடக்கிக்கறேன்."

"வாயை மூடு. ரத்தம் இன்னும் வரும்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். கேலி என்று எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

சிலையைப் பைக்குள் இழுத்துவிட்டாள். பையை மூட ஒரு கை போதும். ஆனால் அருங்காட்சியகத்தில் எதையும் தனி ஆள் தொடக்கூடாது. திருட்டுக்குப் பயந்து யாரோ போட்ட வழக்கம். இருவர் கை வைத்து மூடினால் அதே இருவர்தான் திறக்க முடியும், அதுவும் உயிரோடு. பதினெட்டு வருடப் பழக்கம். அவன் கையை எடுத்துத் தன் சட்டையில் ரத்தத்தைத் துடைத்தாள்.

"அழுத்து."

"அப்ப நிஜமாவே இந்தம்மாவுக்குத்தானா?"

அவள் தன் கையையும் அவன் கையையும் பையின் முத்திரையில் வைத்தாள். அவன் அழுத்தினான். பொழுது சாய்வதற்குள் செத்துப்போனான். சாலையோரமே புதைத்தார்கள்.

போர் முடிந்தது. லேசர் வைத்துப் பார்த்தார்கள், அமிலம் ஊற்றிப் பார்த்தார்கள். பை திறக்கவில்லை. ஒளிகூட வெளியே வராத கறுப்புப் பை. அதையே அருங்காட்சியகக் கூடத்தில் நிறுத்தி, சிலையைக் கீறல்கூட இல்லாமல் காப்பாற்றியதற்காக ஷு யானுக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தாவோவின் மனைவி. முத்திரையில் இருந்த அவன் உள்ளங்கைத் தடத்தின் மேல் தன் கையை வைத்திருந்தாள்.

"செத்துட்டார்னு தகவல் வந்துச்சு. நான் நம்பல. காயம் பட்டவங்களப் பையில போடுவாங்களாமே. உள்ள இருக்கறது இவர்தானே?"

"இல்லம்மா. சிலை."

"பை ஆள் அளவு இருக்கே?"

"இருக்கு," என்றாள் ஷு யான். "அவருக்குச் சரியா இருந்திருக்கும்."