மாலைப் பேப்பரில் என் முகம்

"சீனி கொஞ்சமா போடுங்கண்ணே..."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ சொன்னேன். 1987. பட்டாளத்திலிருந்து லீவு. ராஜபாளையத்தில் தங்கச்சி வீட்டு வாசலில், சொல்லாமல் போய் நிற்க வேண்டும்!

பெஞ்சில் மாலைப் பேப்பர் படித்தவர் என்னைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். மறுபடி என்னை...

"ஏலே... இவன்தாம்லே! பிடிங்க!"

நாலு பேர் பாய்ந்தார்கள். கீழே விழுந்த பேப்பரில்... நான்!

பக்கத்தில் என் தங்கை சண்முகத்தாய்.

'மில் அழகி கழுத்து நெரித்துக் கொலை! உல்லாசமாக இருந்த கள்ளக்காதலன் தலைமறைவு!'

அவள் செத்துப்போனது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

கிழிந்த உதட்டோடு ராஜபாளையம் ஸ்டேஷனில் நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் என் ராணுவ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா பேரு?"

"சின்னக்கருப்பன். செத்தவளுக்கும் அவர்தான் சார் அப்பா! பேப்பர்ல வந்த படம், நான் பட்டாளத்துக்குப் போகையில ஸ்டுடியோவுல எடுத்தது. அவளுக்குன்னு இருந்ததே இந்த ஒரு படந்தான்."

அந்தப் பேப்பரின் நிருபர் ஆவுடையப்பன் வரவழைக்கப்பட்டான். வாய் நிறைய வெற்றிலை.

"அண்ணன் தங்கச்சியா? மூஞ்சியில எழுதியா ஒட்டிருக்கு?"

"ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டீரா ஓய்?" என்றேன்.

"விசாரிச்சிட்டு நின்னா, அச்சாபீசுக்குச் செய்தி கொண்டுபோற மதுரை பஸ்ஸு போயிரும் தம்பி!"

இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். "படத்த யாருய்யா குடுத்தா?"

"புருசன் பால்பாண்டிதான். 'இவன்தான் அவளக் கெடுத்தவன், பேரு ஊரு தெரியாது'ன்னு ஒரே அழுக..."

"தெரியாதா?" கத்தினேன். "கல்யாணத்துல அவன் விரல்ல மோதிரம் போட்ட மச்சானே நான்தான் சார்!"

அவனை அள்ளிவர ஜீப் பறந்தது.

பால்பாண்டி ஒன்றும் புரியாதவன்போல உள்ளே வந்தான். என்னைக் கண்டதும் முகம் வெளிறியது.

"ம...மச்சான்! நீங்க காஷ்மீர்லல்ல..."

"பேரு ஊரு தெரியாதவன் மச்சானாயிட்டானாக்கும்!" இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார்.

கன்னத்தில் இரண்டாவது அறை விழுந்ததுமே உண்மையைக் கக்கினான். இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ள என் தங்கை இடைஞ்சலாம். கழுத்தை நெரித்துவிட்டு, பழிபோட ஒரு முகம் தேடியிருக்கிறான்.

ஆவுடையப்பன் குறிப்பெடுத்துக்கொண்டே எழுந்தான்.

"நாளைக்காவது உண்மையப் போடுவீரா?"

"போடாம? இது அதவிட சூடுல்லா!"

போட்டான்.

'மனைவியைக் கொன்ற மிருகம் கைது!'

கீழே அதே படம். நானும் தங்கையும். 'கொலைகாரக் கணவனுடன் சண்முகத்தாய்.'

படம் அச்சடிக்க ஏற்கெனவே காசு கொடுத்துச் செய்த ப்ளாக்கை வீணாக்க மனசில்லையாம்!

கள்ளக்காதலனாக இருந்த என்னை ஒரே நாளில் கணவனாக்கிவிட்டார்கள். அண்ணன் என்று மட்டும் இன்றுவரை போடவில்லை.