உப்பளத்துப் பங்காளிகள்

வாசலில் காய வைத்த கருவாடு பாதிதான் இருந்தது. எலி கடித்த பாதியாக இருந்திருந்தால் பாஞ்சாலை இரண்டு திட்டு திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இதுவோ கத்தி வைத்து அறுத்தது போல நேராக வெட்டுப்பட்டு, கழுவிய உமரிச் செடிக் கொத்தின் மேல் பதவிசாக வைக்கப்பட்டிருந்தது.

ஐப்பசி மழையில் வேலை நின்று, உப்புப் பாத்திகளெல்லாம் கடலோடு கடலாகக் கிடந்தன. கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரத்துக்குக் காவலாகக் கொட்டகையில் இருந்தது அவளும் அவள் புருஷன் கலியனும்தான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கலியனுக்குக் கால் புண் புரையோடிவிட்டது, கட்டிலை விட்டு இறங்க முடியாது. அதனால் காவல் அவள் வேலை. படுத்தபடி ஊர்க்கதை பேசுவது அவன் வேலை.

"எலி இல்லடி அது," என்றான். "ரெண்டு கால்ல நடக்குது. முழங்கால் உசரம்கூட இல்ல. இடுப்புல சாக்குத் துணி கட்டிக்கினு ஒருத்தன் வந்து எனக்குக் கும்புடு போட்டுட்டுப் போறான்."

"காய்ச்சல்ல உளறாதீங்க."

மறுநாள் பொழுது சாயும்போது அவளே பார்த்துவிட்டாள். அம்பாரத்தின் அடிப் பொந்திலிருந்து, நனைந்த கோணிநாற்றம் முன்னே வர, ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். எலி முகம், மனுஷக் கை, முதுகில் பிள்ளையைக் கட்டிய பொம்பளைகள், முன்னால் நரைத்த கிழவன் ஒருவன், அவன் கையில் சிப்பி ஓட்டைத் தீட்டிச் செய்த கத்தி. செத்த நண்டு ஒன்றைக் கிழவன் நடுவில் வகிர்ந்தான். பாதியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பாதியைக் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டு, கைகூப்பிவிட்டுப் போனார்கள்.

எடுத்ததில் பாதி திரும்பி வரும். அவர்களுக்குக் கிடைத்ததிலும் பாதி வரும். அதுதான் அவர்கள் வழக்கம் என்று கலியனுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது, சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு.

"நம்மளப் பங்காளியா சேத்துக்கினாங்கடி! நம்ம சொந்தக்காரன் எவனாவது இப்படி கரெக்டா குடுத்திருக்கானா?"

அவளும் சிரித்தாள். பிறகு சோப்பு பாதியானது. கொடியில் கிடந்த சேலை பாதியானது. கூரைக் கீற்றுக்குள் யாரோ ஓயாமல் தலை சீவுவது போல ஒரு சரசரப்பு, சோறு வடிக்கும்போதும், கலியனின் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போதும், கூடவே இருந்தது. ஒரு காலையில் எழுந்து கொண்டை போடக் கையைத் தூக்கினாள். பின்னலில் பாதி இல்லை. தலைமாட்டில் சாம்பல் நிற மயிரைப் பின்னி, அதே நீளத்துக்கு வைத்திருந்தார்கள். அவர்களுடைய பங்கு.

இன்றைக்கு மயிர். நாளைக்கு?

எலி மருந்து வாங்கி வந்தாள். கலியனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் விடுவானா அவன்? பருப்பு வடை சுட்டு, மருந்தை உள்ளே வைத்து, அம்பாரத்துக்கு அந்தப் பக்கம், கொட்டகையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வைத்தாள். அவர்கள் தின்பதைப் பார்க்க மனசு வரவில்லை. மதகுப் பக்கம் போய், மழையில் நின்றாள்.

திரும்பி வந்தபோது பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்திருந்தது. கலியன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வடை சுட்டியே, எனக்கு ஒண்ணு குடுத்தியாடி? பங்காளிங்க கொண்டாந்து கையில குடுத்தாங்க. பாதி பாதியா, அத்தனையும்."

அடிப்பாவி. அடிப்பாவி மவளே, இன்னா காரியம் செஞ்சிட்ட!

தன்னையே திட்டிக்கொண்டு அவன் தொண்டைக்குள் விரல் விட்டாள். உப்புத் தண்ணீரை ஊற்றினாள். வாந்தி வந்தது, போதவில்லை. போனில் ஆம்புலன்ஸ்காரன், "ரோடு வரைக்கும் தூக்கிக்கினு வந்துடுங்கம்மா, உள்ள வண்டி வராது," என்றான். ரோட்டுக்கு முன்னால் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் ஏற்றிப் பார்த்தாள், வரப்பிலேயே இருவரும் விழுந்தார்கள். இழுத்து வந்து மறுபடி கட்டிலில் போட்டாள். போன் அணைந்துவிட்டது.

"வயிறு எரியுதுடி," என்றான்.

அம்பாரத்துக்குள் அழுகை கேட்டது. மெல்லிசாக. நிறைய குரல்கள். ஒவ்வொன்றாக அடங்கின.

அப்புறம் வந்தார்கள்.

செத்தவர்களைத் தூக்கி வந்தார்கள். உப்புத் தடவி, வாசலுக்கு உள்ளே வரிசையாகக் கிடத்தினார்கள். ஒரு பொம்பளை. அவள் முதுகில் கட்டு அவிழாத பிள்ளை. மீதியை வெளியே, மழையில், தங்கள் பக்கம் கிடத்தினார்கள். உள்ளே பாதி. வெளியே பாதி.

ஒருவன் முகத்திலும் கோபம் இல்லை. கடித்துக் குதறியிருந்தால் தேவலை. அவள் செய்தது என்று அவர்களுக்குத் தெரியவே இல்லை. அவளைப் பார்த்து அழுதார்கள். அவள் வீட்டிலும் சாவு என்று அழுதார்கள்.

கிழவன் கட்டிலில் ஏறினான். கலியனின் உச்சந்தலையில் ஒரு நூலை வைத்தான். இன்னொருவன் அதைக் கால் வரைக்கும் இழுத்தான். நூலை இரண்டாக மடித்தார்கள். மடிப்பு தொப்புளில் வந்து நின்றது.

"இன்னும் உயிர் இருக்குது!" பாஞ்சாலை கத்தினாள். "சாவல! அவரு சாவல!"

கலியன் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

அவன் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். சிப்பிக் கத்தியைக் கிழவன் துணியில் துடைத்தான். அழுதுகொண்டே. குளிர்ந்த குட்டிக் கைகள் அவள் விரல்களை, ஒவ்வொன்றாக, நோகாமல் பிரித்தன.