அலைவரிசையில் பன்னிரண்டு நிமிடம்

தையற்காரி துப்பறிவாளரின் அறைக்குள் வந்தபோது கையில் ஒரு நோட்டும், கண்ணில் தூக்கமில்லாத சிவப்பும் இருந்தன. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி நாற்பது நாள்தான் ஆகுதுங்க ஐயா. இன்னைக்கு சாயங்காலம் ரேடியோ சங்கத்துல கூடி, அதை ரத்து பண்ணச் சொல்லி எழுதப் போறாங்க. லைசென்ஸ் போனாப் போகட்டும். அந்தப் பையன் செத்ததுக்கு நான்தான் காரணமா? அது எனக்குத் தெரியணும்."

துப்பறிவாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அவருடைய மைத்துனன் அதற்குள் பென்சிலைச் சீவி முடித்திருந்தான்.

நடந்தது இதுதான். போன வாரம் வந்த வெள்ளத்தில் போனெல்லாம் படுத்துவிட்டது. சொந்தமாக ரேடியோ வைத்துப் பேசும் ஹாம் சங்கத்தார் ஒரே அலைவரிசையில் இருந்து செய்திகளைக் கொண்டுபோனார்கள். காலை ஒன்பது நாற்பதுக்கு யாரோ ஒருவருடைய மைக்கில், பேசும்போது அழுத்தும் பட்டன் அழுந்தியபடியே மாட்டிக்கொண்டது. பன்னிரண்டு நிமிடம் அலைவரிசை அடைபட்டுக் கிடந்தது. எதிர்க்கரை வெள்ள நிவாரண முகாம் படகு கேட்டுக் கூப்பிட்டது அந்த நேரத்தில்தான். ஒருவர் காதிலும் விழவில்லை. படகு போய்ச் சேர்வதற்குள் தச்சருடைய மகனை ஆறு கொண்டுபோய்விட்டது.

"கடைசியாப் பேசினது நான், ஒன்பது முப்பத்தொன்பதுக்கு. எங்க சங்கத்து மருந்துக்கடைக்காரர் அந்த அடைப்பைப் பதிவு பண்ணியிருக்கார். அதுல டக், டக்னு ஒரு சத்தம். தையல் மெஷின்தான்னு சங்கச் செயலாளர் சொல்றார்."

"அன்னைக்குத் தச்சீங்களாம்மா?"

"முகாம் குழந்தைகளுக்குச் சட்டை தச்சேன். மெஷின் சத்தத்துல ரேடியோவைக் கவனிக்கல. மைக் மேல துணி விழுந்திருக்குமோன்னு நானே என்னைச் சந்தேகப்படறேன்."

"அத்தான், இது யாரோ பொறாமையில பண்ணின சதி" என்றான் மைத்துனன்.

"மச்சான், நீ இன்னொரு பென்சில் சீவு" என்றார் அவர்.

சாயங்காலம் சங்க அறையில் முதலில் பதிவைப் போடச் சொன்னார். டக், டக், டக். கடிகாரம்போல ஒரே தாளம். பன்னிரண்டு நிமிடமும் கண்ணை மூடிக் கேட்டார்.

"நடுவுல ஒருதரம்கூட நிக்கலையே. ஒரு சட்டையில அவ்வளவு நீளத் தையல் இருக்காம்மா?"

"யானைக்குத் தச்சாக்கூட துணியைத் திருப்ப நிறுத்தணுமேங்க" என்றாள் தையற்காரி. யாரும் சிரிக்கவில்லை.

ரேடியோவில் பேசுகிறவர்கள் எப்போது, எங்கே, என்ன கேட்டோம் என்று நோட்டில் குறித்துவைப்பது வழக்கம். துப்பறிவாளர் அன்றைக்கு அலைவரிசையில் இருந்த மற்ற இருவருடைய நோட்டுகளையும் கேட்டார். மருந்துக்கடைக்காரர் எழுதியிருந்தார்: '9.40 முதல் 9.52 வரை ஒரே இரைச்சல். யாரையும் அழைக்க முடியவில்லை.' வேனில் நிவாரணப் பொருள் ஏற்றிப் போன செயலாளர் எழுதியதைத் துப்பறிவாளரே உரக்கப் படித்தார். கதை கேட்கும் கண்ணுகளா, இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

'9.40 ஆற்றோரச் சாலை. மழை. அலைவரிசை அமைதி. 9.52 கிடங்கு. முன்சீட்டுப் போர்வைக் கட்டை இறக்கினேன்.'

"எல்லாருக்கும் காது கிழிஞ்ச நேரத்துல உங்களுக்கு மட்டும் எப்படிங்க அமைதி?"

"அந்தச் சாலையில சிக்னல் சரியாக் கிடைக்காது. அதான்னு நினைச்சேன்" என்றார் செயலாளர்.

"மைக் பட்டன் அழுந்தியிருக்கும்போது அந்த ரேடியோவுல என்ன கேக்கும்?"

பதிலைச் சொன்னது தையற்காரிதான், மெல்ல, அப்போதுதான் அவளுக்கே புரிந்ததுபோல.

"ஒண்ணும் கேக்காது. நாம அனுப்பிட்டு இருக்கும்போது நம்ம ரேடியோ எதையும் வாங்காது. பரீட்சையில வந்த கேள்வி."

"அந்தப் பன்னிரண்டு நிமிஷம் அமைதியா இருந்தது உங்க வேன் மட்டும்தாங்க. சீட்டுல கிடந்த மைக் மேல போர்வைக் கட்டு உக்காந்திருக்கு. டக், டக்னு அடிச்சது கண்ணாடி துடைக்கிற வைப்பர். கட்டை இறக்கின அதே நிமிஷம் இரைச்சலும் நின்னுபோச்சு. நீங்க பொய் எழுதல. உண்மையை எழுதிட்டு, திருப்பிப் படிக்காம விட்டுட்டீங்க."

வேண்டுமென்று செய்யவில்லை என்று செயலாளர் சாக்குச் சொல்லவில்லை. லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லும் சங்கக் கடிதத்தில், ரேடியோவில் ஒருவரை அடையாளம் காட்டும் அழைப்புக் குறியில் தையற்காரியுடையதை அடித்துவிட்டுத் தன்னுடையதை எழுதினார். பிறகு எழுந்தார்.

"தச்சர் வீட்டுக்குப் போகணும். வேற யாராவது சொல்லி அவர் கேக்கக்கூடாது."

தையற்காரியின் முகத்தில் ஒரு வாரப் பாரம் இறங்கியிருந்தது. ஆனால் அவள் வீட்டுக்குப் போகவில்லை.

"அந்த வீட்டு வாசல் வரைக்கும் மூணு தரம் போய்ட்டுத் திரும்பி வந்திருக்கேன் அண்ணா. கதவைத் தட்டக் கை வரல. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நானும் வர்றேன்."

செயலாளர் வேன் சாவியை எடுத்தார். பிறகு அதை மேஜையிலேயே வைத்துவிட்டார். இருவரும் நடந்தே போனார்கள்.