டிரைவர் மடியில் ஒரு கட்டை

இந்தக் காலத்து ஆட்களுக்கு பஸ் நிற்கும் வரை பொறுமை கிடையாது. ஓடுகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். இறங்குகிறவர்களின் காலை மிதித்துக்கொண்டே ஏறுகிறார்கள். நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

அன்றைக்கு மதுரைக்கு வெற்றிலைக் கூடை ஏற்றிவிட, சோழவந்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தேன். அங்கே எங்கள் ஊர் அன்னக்கொடி நின்றாள். பத்து வயது. போலியோ வந்த காலில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டை.

பூட்ஸ் சின்னதாகிக் குதிகாலில் புண் வைத்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் பத்து மணிக்குள் போனால்தான் புதுசுக்கு அளவு எடுப்பார்கள். விட்டால் அடுத்த மாதம்தான்.

என் கூடை முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டது. அவளால்தான் ஏற முடியவில்லை. படியில் கால் வைப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

"அடுத்ததையும் விட்டா அம்புட்டுத்தான்," என்று அவள் அம்மா செல்லத்தாய் கையைப் பிசைந்தாள்.

அடுத்த பஸ் வந்தது. அதே தள்ளுமுள்ளு. ஒருத்தன் அன்னக்கொடியை அலாக்காகத் தூக்கப் பார்த்தான்.

"தூக்காதீங்கண்ணே! இரும்பு மாட்டுச்சுன்னா ரெண்டு பேரும் விழுவோம்!"

அவள் கூட்டத்துக்குள் போகவில்லை. பஸ்ஸை முன்பக்கமாகச் சுற்றி, டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். ஒரு கட்டையை மேலே நீட்டினாள்.

"டிரைவரண்ணே, இதை வச்சிருங்க. ஏறி வந்து வாங்கிக்கிறேன்."

நான் கத்தினேன். "ஏ புள்ள, குடுக்காத! அவன் பாட்டுக்குப் போயிருவான். அப்புறம் பஸ்ஸும் இல்ல, கட்டையும் இல்ல!"

கொடுத்தே விட்டாள்.

டிரைவர் அதை மடியில் வைத்துக்கொண்டு முழித்தார். "இதை வச்சு நான் என்ன பாப்பா பண்ண? கியர் போடவா?"

அன்னக்கொடி முன்வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் கம்பி. மறு கக்கத்தில் மீதிக் கட்டை. நல்ல காலை முதலில் படியில் வைத்தாள். பிறகு இரும்புக் காலை இழுத்துக்கொண்டாள். ஒரு படி.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் உறுமியது. செல்லத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

பஸ் நகரவில்லை.

"என்னண்ணே, எடுக்க மாட்டேங்கிறீங்க?" என்று கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார்.

"கட்டைக்குச் சொந்தக்காரி இன்னும் ஏறலப்பா!" என்றார் டிரைவர்.

இரண்டாம் படி. மூன்றாம் படி. உள்ளே போய்க் கையை நீட்டிக் கட்டையை வாங்கிக்கொண்டாள். பின்னாலேயே செல்லத்தாயும் ஏறினாள்.

"பாத்தீங்களா தாத்தா!" அன்னக்கொடி ஜன்னலில் சிரித்தாள்.

"இவன் நல்லவன், நின்னான். நாளைக்கு வேற டிரைவர் வந்தா?"

"அவருக்கும் மடி இருக்கும்ல தாத்தா?"

பஸ் மதுரையைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

"என்ன இருந்தாலும் நான் குடுத்திருக்க மாட்டேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே வெற்றிலைத் தோட்டத்துக்கு நடையைக் கட்டினேன்.