கடைசிக் குறிப்பின் தேதி

வங்காளத்து டாக்குரியாவில் அண்ணாவின் ஃப்ளாட்டை நானும் கிரீஷும் திறந்தபோது நல்ல பகல். வெளியே விடாத மழை. உள்ளே ஈரத்துணி வாடையும் பழைய ஊதுவத்தி வாடையும் கலந்து அடித்தன. ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு வேறு எப்படி மணக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன்.

கிரீஷ் அண்ணாவின் ஒரே பிள்ளை, பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அண்ணா சிவராமகிருஷ்ணன் வங்கியிலிருந்து ரிடையராகித் தனியாக இருந்தவர். போன பூஜா லீவில் மாடியிலிருந்த வங்காளிகள் எல்லாரும் பூரி, டார்ஜிலிங் என்று கிளம்பிவிட்டார்கள். திரும்பி வந்து கதவை உடைத்தபோது அண்ணா போய்ச் சில நாளாகியிருந்தது. எந்த நாள் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

நாள் தெரியாமல் திதி எப்படிக் கொடுப்பது? உடம்பைக் கண்ட நாளையே வைத்துக்கொள்ளலாம் என்றார் திதி பண்ணிவைக்கும் வாத்தியார். கிரீஷுக்கு மனசு ஒப்பவில்லை. தப்பான நாளில் கூப்பிட்டால் அப்பா எப்படிக் கரையேறுவார் என்று போனிலேயே அழுதான். பிடிவாதத்தில் அப்படியே அப்பன்.

அண்ணா தினமும் கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதுவார், ஆங்கில எழுத்தில் தமிழ். கடைசிக் குறிப்பின் தேதி கிடைத்தால் போதும். குறிப்புகளை வேர்டு ஃபைலாக மாற்றினால் ஒவ்வொன்றின் தலையிலும் தேதி விழும், வாத்தியாரிடம் காட்டலாம் என்றான் கிரீஷ்.

மாற்றினான். எல்லாவற்றிலும் இன்றைய தேதி.

மாற்றிய நாளைப் போட்டுவிட்டதாம் அந்தப் பாழாய்ப்போன பெட்டி. எந்தத் தேதி வரவேண்டும் என்று நாமே சொல்லலாமாம். 'எழுதிய தேதி' என்று வைத்து மறுபடி மாற்றினான். பழைய குறிப்புகளில் அந்தந்த நாள் ஒழுங்காக வந்தது.

கடைசிக் குறிப்பில் மட்டும் இன்றைய தேதி.

கீழே ஒரே வரி. 'மழை. சுலோ வந்து ஜன்னலைத் திறந்தா. கிரீஷ் இளைச்சுட்டான்.'

அண்ணா மட்டும்தான் என்னைச் சுலோ என்று கூப்பிடுவார். எழுந்து ஓடிவிடலாம் என்றால் கிரீஷ் நகரவில்லை. திரையைப் பார்த்துக் கிசுகிசுத்தான்.

"அப்பா, நீ என்னிக்குப் போனே?"

மழைச் சத்தம்.

இன்னொரு தடவை மாற்றினான். அதே தேதி. அடியில் புதிதாக இன்னொரு வரி.

'எங்கே போனேன்?'

அப்புறம் கிரீஷ் தேதியே காட்டாதபடி வைத்து, எல்லாக் குறிப்புகளையும் சி.டி.யில் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தான். திதியை வாத்தியார் சொன்ன நாளிலேயே கொடுத்தோம். எள்ளும் தண்ணீரும் இறைத்தபோது, இனியாவது நிம்மதியாகப் போ அண்ணா என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

கிரீஷ் ஊருக்குப் போன வாரமே போன் வந்தது. குரல் அடங்கியிருந்தது.

"அத்தை, தேதி வேண்டாம்னு வெச்சுதானே எடுத்தேன்? சி.டி.யைப் போட்டுப் பார்த்தேன். கடைசிக் குறிப்புல தேதி இருக்கு. இன்னித் தேதி."

கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். படித்துக் காட்டினான்.

"'பெங்களூர் குளிர்றது. கிரீஷ் தூக்கத்துல போர்வையை உதைக்கறான். நான்தான் எடுத்துப் போத்தறேன்.'"