தாழ்ப்பாள் போடாத வீடு

தேனி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. அதற்காக பீச் இல்லாமல் இருக்க முடியுமா என்று எட்வின்தான் ஒரு நாள் கேட்டான். வைகை அணையின் பின்பக்கம், ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எட்டிப் பார்க்காத மூலையில், சீமைக்கருவேலங் காட்டைத் தாண்டினால் ஒரு மணல்கரை உண்டு. எதிரே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். அதற்கு பீச் என்று பெயர் வைத்தவன் அவன். அவனும் தங்கை ஜெசியும் அவளுடைய சிநேகிதி பாண்டீஸ்வரியும் ஒரே ஸ்கூட்டியில் நசுங்கிக்கொண்டு ஞாயிறு தவறாமல் அங்கே போவார்கள். வறுகடலை தின்றுகொண்டு ஊர்வம்பு பேசிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள்.

அந்தக் கரைக்கு எட்வின் ஒரு சட்டமும் போட்டிருந்தான். கொண்டு வந்த எதையும் அங்கே விட்டுவிட்டுப் போகக் கூடாது. கடலைத்தோல் மடித்த காகிதம்கூடத் திரும்பி வீட்டுக்கு வந்தாக வேண்டும். இடம் சுத்தமாக இருந்தால்தான் நம்ம இடம் என்பான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஓர் ஐப்பசியில், எட்வின் மட்டும் தனியாகப் போனான். வண்டி கரையில் நின்றது. சட்டை கல்மேல் மடித்துக் கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து முங்கித் தேடினார்கள். மூல வைகையில் செந்தண்ணீர் இறங்கி அணை நிறைந்துகொண்டிருந்த நேரம். ஆள் கிடைக்கவே இல்லை.

இன்று கல்லறைத் திருநாள். பாண்டீஸ்வரி வண்டியை நிறுத்தியபோது பொழுது மேற்கே மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. சேற்று வாடையும் மீன் வாடையும் கலந்து அடித்தன. ஜெசி கைப்பையைத் திறந்து, கோயில் வாசலில் வாங்கிய நீலக்கோடு போட்ட மெழுகுவத்தியை எடுத்தாள்.

"சீக்கிரம் முடிச்சிருடி. எனக்கு என்னமோ இங்கன நிக்கவே புடிக்கல" என்றாள் பாண்டீஸ்வரி.

ஜெசிக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் வீட்டில் அம்மா இருந்தாள்.

அம்மா ஞானசெல்வி, மகன் செத்துவிட்டான் என்பதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரியில் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவானோ என்று வாசல்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதையே விட்டுவிட்டாள். சும்மா சாத்தி வைத்திருப்பாள். ஓர் இலை உதிர்ந்தாலும் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். ஒரு தடவை குடிகாரன் ஒருவன் வீடு மாறி நுழைந்து அடுப்படியில் படுத்துத் தூங்கிவிட்டான். தெருவே கூடிச் சத்தம் போட்டது. அப்போதும் தாழ்ப்பாள் ஏறவில்லை. அது கதவோடு துருப்பிடித்துக் கிடந்தது.

தை மாதம் ஜெசிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் வேலை. அப்பா இல்லாத வீட்டில், தாழ்ப்பாள் போடாத கதவுக்குப் பின்னால், தூக்கம் கெட்ட அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது?

காலையில் ஜெசியும் அம்மாவும் அப்பா மரிய ஜோசப்பின் கல்லறையில் பூவும் மெழுகுவத்தியும் வைத்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். உடல் கிடைக்காதவர்களுக்குப் பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கம், எட்வினுக்கும் ஒன்று ஏற்றலாமே என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெசியிடம் திரும்பிச் சொன்னாள்: "உசுரோட இருக்குற புள்ளைக்கு எவளாச்சும் மெழுகுவத்தி கொளுத்துவாளா?"

கிளம்பும்போது ஜெசி மிச்சமிருந்த மெழுகுவத்திக் கட்டைக் கையில் எடுத்தாள். அம்மா பிடுங்கி அங்கேயே வைத்துவிட்டாள். கல்லறைக்குக் கொண்டுபோனதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு செத்தவர்களும் கூடவே வந்துவிடுவார்கள். அவர்கள் தெருவில் இது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

அதனால்தான் ஜெசி வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்திருந்தாள். அவன் போன இடத்திலேயே ஒன்று ஏற்றி, ஜெபம் சொல்லி, இந்தக் கரையையே அவனுக்குக் கல்லறையாக்கிவிட வேண்டும். அவன் அடங்கினால் அம்மாவும் அடங்குவாள்.

மணலைக் குவித்து மெழுகுவத்தியை நட்டாள். தீக்குச்சியைக் கிழித்தாள். சுடர் ஆடாமல் அசையாமல் நின்றது. முழங்கால் போட்டு, செத்தவர்களுக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றி ஜெபத்தை ஆரம்பித்து, எட்வின் என்று பெயரைச் சொன்னாள்.

சுடர் அணைந்தது.

காற்று இல்லை. ஊதி அணைத்தால் புகை வரும், புகையும் இல்லை. ஈர விரலால் திரியை நசுக்கினால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

"நமத்துப்போன திரியா இருக்கும்" என்றாள் பாண்டீஸ்வரி. அவள் குரல் அவளுக்கே நம்பிக்கை கொடுத்த மாதிரி தெரியவில்லை.

ஜெசி மறுபடி ஏற்றினாள். மறுபடி பெயரைச் சொன்னாள்.

உஸ்.

திரியைத் தொட்டுப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

தண்ணீர்ப் பக்கம் யாரோ நெடுநேரம் முங்கிக் கிடந்துவிட்டு மேலே வந்து மூச்சு வாங்குவது போல ஒரு சத்தம். ஜெசி நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் கறுத்துக் கிடந்தது, ஒரு சுழிகூட இல்லை. ஆனால் குதிகாலில் சில்லென்று ஏதோ பட்டது. தண்ணீரிலிருந்து தள்ளித்தான் முழங்கால் போட்டிருந்தாள். தண்ணீர் சத்தமே இல்லாமல் அவள் கால்வரை வந்து நின்றிருந்தது.

"எந்திரிடி" என்று பாண்டீஸ்வரி கிசுகிசுத்தாள். "போதும். எந்திரி."

ஜெசி திரும்பிப் பார்க்காமல் வண்டிக்கு ஓடினாள். பின்னால் பாண்டீஸ்வரி எல்லாவற்றையும் கைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவது கேட்டது.

வரும் வழியில் வண்டி திணறியது. மேட்டில் ஏற முடியாமல் உறுமியது. பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேர் ஏறினால் இப்படித்தான் உறுமும். அதை இரண்டு பேருமே நினைத்தார்கள். ஊர் எல்லை வந்த பிறகுதான் பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாள்.

"அந்த அவசரத்துலயும் ஒண்ணையும் அங்கன விடலடி. எட்வின் அண்ணே சொன்னாகள்ல."

ஜெசியின் காதில் அது விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போது தூறல் விழத் தொடங்கியிருந்தது. கல்லறைக்குப் போனவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் ஏறக் கூடாது. ஜெசி சாத்தியிருந்த கதவைத் தள்ளி, கையை மட்டும் உள்ளே நீட்டிக் கைப்பையை நாற்காலியில் வைத்தாள். வீட்டுப் பக்கவாட்டில் இருந்த குளியலறைக்குப் போய்விட்டாள்.

முதல் சொம்பு தண்ணீர் தலையில் விழுந்ததும் கரண்ட் போனது. மழை வந்தால் இந்த ஊரில் கரண்டுக்கு அதுதான் வேலை.

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. செல்போன் பையில்தானே இருக்கிறது, டார்ச் அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ஜெசி.

அப்புறம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்தான்.

பிறகு கிரீச்சென்று இரும்பு இரும்போடு உரசும் சத்தம் நீளமாகக் கேட்டது.

ஈரத் தலையோடு வந்து கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினாள். அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அம்மா தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்! ஜெசிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மழையில் நின்றபடி சிலுவை போட்டுக்கொண்டாள். கரையில் பாதியில் நின்றுபோனாலும் ஜெபம் பலித்துவிட்டது. இனி நிம்மதியாகக் கோயம்புத்தூருக்குப் போகலாம்.

அம்மாவைக் கூப்பிடுவதற்காகப் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள்.

உள்ளே வெளிச்சம் தெரிந்தது. செல்போன் வெளிச்சம் இல்லை.

தரையில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. நீலக்கோடு போட்டது. அடியில் கரை மணல் ஒட்டியிருந்தது. ஜன்னல் வழியே மழைக்காற்று அடித்தும் சுடர் ஆடவில்லை.

ஒண்ணையும் அங்கன விடலடி.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள். தட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அங்கே சிமெண்டுத் தரை மட்டும் நனைந்து, நனைந்த வட்டம் மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது. அம்மா மடியில் ஒரு துண்டு கிடந்தது, பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரமாக.

அம்மா ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று வருஷமாக அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"நீதான கூட்டியாந்த, ஆத்தா? பையில இருந்துச்சு, எடுத்து ஏத்துனேன். தட்டக்கூட இல்ல, வந்துட்டான்."

"அம்மா, அத அணைச்சிரு" என்றாள் ஜெசி. "கும்புட்டுக் கேக்குறேன், அணைச்சிரு."

"எதுக்கு? இனி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு நான் பாட்டுக்குத் தூங்குவேன். நீ நிம்மதியாப் போ."

பிறகு ஈரத் தரைப் பக்கம் திரும்பி, சின்ன வயசில் அவனை அதட்டிய அதே குரலில் சொன்னாள்.

"ஏலே எட்வினு, தங்கச்சி மழையில நனையிறா பாரு. போயி தொறந்து விடு."

அம்மா இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஈரப் பாதம் தரையில் ஒட்டி ஒட்டி எடுபடும் சத்தம், தட்டிலிருந்து கதவு வரை வந்தது.

துருப்பிடித்த தாழ்ப்பாள் உள்ளேயிருந்து மெதுவாக விலகியது.