சிட்டிபாபு பேரில் ஒரு கரண்டி

தாத்தா எதையோ விழுங்கினார். அடுப்படியில் நின்றிருந்த இளவரசிக்கு அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. மடக்கென்று, தாகமெடுத்தவன் தண்ணீர் குடிக்கிற சத்தம். இரண்டு நாளாய் எச்சில்கூட இறங்காத தொண்டை அது. இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வலியில்லாமல் வீட்டிலேயே போகட்டும் என்று தாத்தா கலியாணசுந்தரத்தைச் செவிலிமேட்டு வீட்டுக்குக் கூட்டிவந்து பதினோரு நாள் ஆகிறது. கூட இருப்பது பேத்தி மட்டும்தான். அவர் நிம்மதியாய்ப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டுதல்.

ஓடிவந்து பார்த்தாள். உதட்டோரம் பால் வழிந்திருந்தது.

தினமும் வீட்டுக்கு வந்து பார்த்துப்போகும் நர்ஸ் எஸ்தருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“வாயில எதுவும் ஊத்தாதம்மா, புரையேறிடும்.”

“நான் ஊத்தலக்கா. வீட்ல வேற யாருமே இல்ல.”

“நீ தூங்கி எத்தினி நாளாச்சு?” என்றாள் எஸ்தர். “ஆறு மணிக்கு வரேன், இரு.”

மணி மூன்றுதான். ஆனாலும் பாலாற்றுப் பக்கம் மேகம் கறுத்ததில் கூடம் இருண்டு கிடந்தது. கரண்ட் போய் மின்விசிறி நின்றதும், டெட்டால் வாசனைக்கும் மூத்திர நெடிக்கும் நடுவே இன்னொரு வாடை மெல்ல எழுந்தது. ஏரிச் சேறும் பாசியும் கலந்த வாடை. வாசல் கதவைத் தாழிட்டாள். கொல்லைக் கதவையும். உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

தாத்தாவின் மகள், மணியம்மாள் அத்தையைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைதான் சொந்தபந்தமெல்லாம் எஸ்தருக்குத் தெரியாமல் கூடி, உயிர் சிரமமில்லாமல் பிரியட்டும் என்று ஆளுக்கொரு கரண்டிப் பால் விட்டுப் போனார்கள். வர முடியாதவர்கள் பேரைச் சொல்லி இளவரசியே ஊற்றினாள்.

“யார் யார் பேர்ல ஊத்துன?” என்று கேட்டாள் அத்தை.

“பெங்களூர் சித்தப்பா, துபாய்ல இருக்கற லோகேஷ்... அப்பறம் தாத்தா ‘சிட்டிபாபு, சிட்டிபாபு’ன்னு கூப்ட்டுக்கினே இருந்தாரு. பாவமா இருந்துச்சு. அந்தப் பேர்லயும் ஒண்ணு ஊத்துனேன் அத்தை.”



“அவரு தாத்தாவோட தம்பிடி. இருபது வயசுல தாமல் ஏரில முழுகிப் பூட்டாரு. செத்தவங்க பேர்ல யாராச்சும் பால் ஊத்துவாங்களா? வான்னு கூப்ட்டா மாதிரியில்ல ஆச்சு!”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. பயத்துக்கு முந்தி அவளுக்கு அழுகைதான் வந்தது.

மடக்.

திரும்பினாள்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையெல்லாம் ஈரம். அந்த ஈரத்துக்கு மேல் ஒரு கரண்டி. அதைப் பிடித்திருந்த விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. நகங்கள் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே பார்க்க அவளால் முடியவில்லை.

தாத்தா கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். பிரியமாக.

“எனக்குப் போதும்டா,” என்றார், பிசிறில்லாமல். “புள்ள காலைலேர்ந்து பட்டினி. அவளுக்கு ஊத்து.”

கரண்டி அவள் பக்கம் திரும்பியது. ஒரு சொட்டும் சிந்தாமல்.